திறப்பு யாரிடம்? நிலநடுக்க ஊர்களின் களஞ்சிய வரலாறு

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலான நேரத்தில் வாசியுங்கள்.

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்டிருக்கிறோம். ஏழு கொழுத்த பசுக்கள், ஏழு மெலிந்த பசுக்கள், மன்னரின் கனவு என்பதெல்லாம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அதில் இரண்டு சிறிய விடயங்களை நாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். ஒன்று, அறுவடையைக் கதிரோடேயே வைக்கும்படி அவர்கள் சொன்னது. மணியைப் பிரித்தால் பூச்சி வரும், கதிரோடு இருந்தால் நாட்பட நிற்கும். மற்றது, நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது அவர்கள் முன்வைத்த தகுதிகள். பாதுகாக்கக்கூடியவர், விடயம் அறிந்தவர் என்ற இரண்டுந்தான் அவை. தாராளமாக அள்ளிக் கொடுப்பவர் என்று அவர்கள் தம்மை அறிமுகம் செய்யவில்லை.

நம்மூரில் பள்ளிவாசல் வளவில் அனர்த்தக் களஞ்சியமொன்று வைக்கும் பேச்சு சில மாதங்களாக நடப்பது உங்களுக்குத் தெரியும். பொருள் தர ஆட்கள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அதில் நமக்குக் கவலையில்லை. வந்த பொருளை ஐந்து வருடம், பத்து வருடம் யார் பார்ப்பது என்ற கேள்விக்குத்தான் கூட்டத்தில் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஆகவே, இந்த வேலையில் நம்மைவிடப் பல தலைமுறை முந்திய ஊர்கள் என்ன செய்தன, எங்கே சறுக்கின என்று பார்க்கலாம் என நினைத்தோம். அப்படித் தேடினால் நிலநடுக்க நாடுகளுக்குத்தான், அதிலும் முதலில் ஜப்பானுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

“நிலநடுக்கத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் சேர்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 இல் நடந்ததும் நிலநடுக்கந்தான், அளவு 9.1. நிலம் ஆடியது சுமாத்திராவுக்கு அப்பால். இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் நம் வாசலுக்கு வந்துவிட்டது. அன்று முதல் நாள் முழுக்க நம்மைத் தூக்கியவர்கள் யார், எதை வைத்துத் தூக்கினார்கள் என்பது அந்த வயதுடையவர்களுக்கு ஞாபகமிருக்கும்.

இப்போதைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம். 1780களில் ஜப்பானில் கொடிய பஞ்சம் வந்தது. 1787 இல் பசி தாங்காத எடோ மக்கள் அரிசி வியாபாரிகளின் கடைகளை உடைத்து நொறுக்கினார்கள். அதே வருடம் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தவர் மட்சுதைரா சதனோபு என்ற பிரபு. அவர் செய்த காரியம் கொஞ்சம் வித்தியாசமானது. நிதி திரட்டவில்லை, புது வரி போடவில்லை. நகரத்தின் ஒவ்வொரு பகுதியும் தன் பொதுச் செலவுகளுக்கு வருடாவருடம் எவ்வளவு செலவிடுகிறது என்று கணக்குக் கேட்டார். அதில் எதைக் குறைக்கலாம் என்று பார்க்கச் சொன்னார். 1791 இல் உத்தரவு வந்தது. அப்படி மிச்சமாகும் பணத்தில் 100க்கு 70 பங்கை ஒவ்வொரு வருடமும் பொதுச் சேமிப்பில் போட வேண்டும். இந்தச் செலவுகளைக் கட்டியவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். வாடகைக் குடிசையில் இருந்த ஏழையின் மடியில் கை வைக்கவில்லை.

அடுத்த வருடமே இந்தப் பணத்தை நடத்த ஒரு மண்டபமும், பக்கத்தில் களஞ்சியங்களும் எழுந்தன. பணத்தில் ஒரு பகுதி குறைந்த வட்டிக்குக் கடனாகப் போனது (வட்டி விடயத்தில் நாம் அவர்களைப் பின்பற்றப் போவதில்லை, அது வேறு). மீதி நெல்லானது. அரிசியாக அல்ல, உமியோடு நெல்லாக. எகிப்தில் கதிரோடு, எடோவில் உமியோடு. நம் வயற்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு மறந்தும் போகவில்லை. பழையதை வெளியே எடுத்து, புதியதை உள்ளே வைத்து, கணக்கெழுதி வந்தார்கள். மேற்பார்வை அரசினுடையது, அன்றாட வேலை நகரத்தாருடையது.

1855 நவம்பர் 11 இரவு எடோவை நிலநடுக்கம் தாக்கியது. இறந்தவர்கள் ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்கிறார்கள். வீடு விழுந்தது ஒரு பக்கம், எரிந்தது மறுபக்கம். சேமிப்பு தொடங்கி அறுபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. தொடக்கியவர்கள் எல்லோரும் மௌத்தாகிவிட்டார்கள். ஆனால் களஞ்சியத்தில் நெல் இருந்தது. சோற்று உருண்டைகள் பிடித்துக் கொடுத்தார்கள், தங்குவதற்குக் கொட்டில்கள் போட்டார்கள், பின்னர் இலட்சக்கணக்கான ஏழைகளுக்கு அரிசி அளந்தார்கள். பிற்பாடு ஆட்சி மாறி, எடோ டோக்கியோவானபோதும் அந்தச் சேமிப்பில் மிச்சம் இருந்தது. 1870களில் அதிலிருந்துதான் அநாதைகளையும் முதியோரையும் பராமரிக்கும் இல்லம் ஒன்று நடந்தது. ஷிபுசாவா எயிச்சி என்ற பெரும் வர்த்தகர் பல்லாண்டுகள் அதைத் தலைமையேற்று நடத்தினார். வக்ஃபு என்ற சொல் அவர்களிடம் இல்லை. ஆனால் நம் பெரியவர்கள் இதைக் கேட்டால் உடனே அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட நகரமே 1923 இல் என்ன பாடுபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 1, காலை 11.58. அடுப்புகளில் பகல் சோறு வெந்துகொண்டிருந்த நேரம். நடுக்கத்தைவிட அதன் பின் பரவிய நெருப்புத்தான் அதிகம் பேரைக் கொன்றது. மொத்தம் சுமார் 1,05,000 பேர். அதில் 38,000 பேர் ஒரே இடத்தில் எரிந்தார்கள். அது ஒரு திறந்த வெளி. இராணுவ உடைக் கிடங்கு இருந்து அகற்றப்பட்ட பெரிய காணி. பாதுகாப்பு என்று நம்பி மக்கள் அங்கே ஓடினார்கள். வரும்போது வீட்டிலிருந்த படுக்கை, துணிமணி, தளபாடம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தீப்பொறி வந்து விழுந்தது அந்தப் பொருட்களின் மேல். எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவிட்டு வருவது என்று எவரும் முன்பு சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அதே நாள், அதே நகரம். கண்டா பகுதியில் இசுமி, சகுமா என்று பக்கத்துப் பக்கத்தில் சில தெருக்கள். அந்த மக்கள் ஓடவில்லை. ஆற்றிலிருந்து வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டுக் கூரைகளில் ஏறி நின்றார்கள். அந்தத் தெருக்களில் பம்பு வியாபாரக் கம்பனியொன்று இருந்தது. அதன் பெற்றோல் பம்பு ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். ஒரு நாளுக்கும் மேலாக நடந்த போராட்டம். சுற்றியுள்ளதெல்லாம் சாம்பலாக, இவர்களுடைய சுமார் 1,600 வீடுகள் நின்றன. அங்கே இன்று நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. வீரத்தைப் பற்றி மட்டும் பேசினால் இந்தக் கதை முழுமையாகாது. பம்பு அந்தத் தெருவில் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், தண்ணீர் எட்டும் தூரத்தில் இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வீரம் கூரையோடு எரிந்திருக்கும்.

இதை எழுதும்போது இன்னொன்றை மறைக்க மனமில்லை. அந்த நாட்களிலேயே கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்றொரு வதந்தி பரவியது. ஊர்க்காவல் என்று கிளம்பிய குழுக்கள் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றன. மூங்கில் ஈட்டியும் கம்பும் எடுத்துக்கொண்டு தெருமுனையில் நின்றவர்களும் தங்களைத் தொண்டர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள். வதந்தி என்ன செய்யும் என்பதை இந்த நாட்டில் நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே களஞ்சியத்தில் வானொலியொன்றும், சரியான தகவலை ஒலிபெருக்கியில் வாசிக்கக்கூடிய ஒரு பெயரும் இருக்க வேண்டும் என்று நாம் சொல்வது வெறும் அலங்காரத்துக்கல்ல.

செப்டம்பர் 1 ஐ 1960 முதல் ஜப்பான் அனர்த்தத் தடுப்பு நாளாக வைத்திருக்கிறது. பாடசாலைகள், கம்பனிகள், ஊர்ச் சங்கங்கள் எல்லாம் அன்று ஒத்திகை பார்க்கும். களஞ்சியக் கதவுகள் திறக்கும். இப்படி ஒரு திகதியைப் பிடித்துக்கொள்வது ஜப்பானியருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1906 ஏப்ரல் 18 அதிகாலை நிலநடுக்கம். தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் மூன்று நாட்களுக்கு மேல் நகரம் எரிந்தது. எல்லாத் தீயணைப்புக் குழாய்களும் வரண்டபோது ஒரு தெருமுனைக் குழாயில் மட்டும் தண்ணீர் வந்தது. அந்தப் பகுதி தப்பியது. இன்றும் ஒவ்வொரு ஏப்ரல் 18 அதிகாலையும் மக்கள் கூடி அந்தக் குழாய்க்குத் தங்க நிறப் பூச்சுப் பூசுகிறார்கள். விளையாட்டுப்போலத் தோன்றும். ஆனால் நூறு வருடத்துக்கு முன் வேலை செய்த ஒரு குழாய் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

இப்போது கோபே. இதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1995 ஜனவரி 17, காலை 5.46. நம் கணக்கில் சுபஹ் நேரம். பழைய மரவீடுகளின் கனத்த ஓட்டுக் கூரைகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. இறந்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலானோர் நசுங்கியும் மூச்சுத்திணறியும் இறந்தார்கள். இடிபாட்டில் சிக்கியவர்கள் சுமார் 35,000 பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய 27,000 பேரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அயலவருமே என்றும் பின்னர் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பொலிஸ், தீயணைப்புப் படை, இராணுவம் எல்லாம் சேர்ந்து எடுத்தது மிச்சத்தைத்தான். ஜப்பான் போன்ற பணக்கார நாட்டில், எல்லா வசதியும் உள்ள நகரத்தில் இது நடந்தது. அவர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. வீதிகள் உடைந்திருந்தன, ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் கூக்குரல் கேட்டது, படை எத்தனை இடத்துக்குப் போகும்?

நேரக்கணக்கு இன்னும் கடுமையானது. முதல் நாளில் வெளியே எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் நாளில் அது ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிட்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து மோப்ப நாயோடும் இயந்திரத்தோடும் வருபவர்கள் பெரும்பாலும் எடுப்பது ஜனாஸாக்களைத்தான்.

முதல் நாளில் அயலவரிடம் என்ன இருந்தது? வெறுங்கை. கார் வைத்திருந்தவர்கள் டயர் மாற்றும் ஜக்கை எடுத்து வந்து தூணைத் தூக்கினார்கள். தச்சுவேலை செய்பவரின் வீட்டுக் கைவாள், தோட்டக்காரரின் அலவாங்கு இவற்றால் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். உள்ளே இருந்து குரல் கேட்கிறது, தூக்க ஒன்றுமில்லை என்று நின்றவர்களும் இருந்தார்கள். அந்த நிலைமையை நாம் வர்ணிக்க விரும்பவில்லை.

கோபேக்கு எதிரே அவாஜி என்றொரு தீவு. அங்கே ஹொக்குடான் என்ற சிற்றூர். நிலநடுக்கத்தின் பிளவு அந்த ஊரை ஊடறுத்தே போனது. 39 பேர் இறந்தார்கள். ஆனால் புதையுண்ட சுமார் 300 பேரை ஊராரும் உள்ளூர்த் தொண்டர் தீயணைப்புக் குழுவுமே எடுத்துவிட்டார்கள். அன்று பின்னேரத்துக்குள் காணாமற்போனவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. எப்படி முடிந்தது? எந்த வீட்டில் யார், எந்த அறையில் தூங்குவார் என்பதுகூட அந்தத் தொண்டர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரிலும் இந்த அறிவு இருக்கிறது, மறுக்க முடியாது. எந்த உம்மம்மா எந்தப் பக்கத்து அறையில் படுப்பா என்பதுவரை அயலுக்குத் தெரியும். நம்மிடம் இல்லாதது ஜக்குத்தான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு கோபே நகரம் ஆரம்பப் பாடசாலை எல்லைகளை வைத்து, எல்லைக்கொரு அயலவர் அமைப்பு உண்டாக்கியது. இன்று 190க்கு மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. அவற்றின் கொட்டில்களில் இருப்பது பெரிய இயந்திரங்கள் அல்ல. ஜக்கு, வாள், அலவாங்கு, கயிறு, தூக்குப் படுக்கை, சிறிய பம்பு. அதாவது 17ஆம் திகதி காலையில் இல்லாமற்போன பொருட்கள். பட்டியலை எழுதியது அதிகாரி அல்ல, அந்தக் காலைதான் என்று சொல்லலாம்.

கருவி மட்டும் போதுமா என்றால் அதுவுமில்லை. 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரம் குலுங்கியபோது, எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரண மக்கள் இடிபாட்டுக்குள் புகுந்து சுமார் 800 பேரைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றப் போனவர்களில் சுமார் 100 பேர் உயிரிழந்தார்கள். அமெரிக்கத் தொண்டர் பயிற்சிகளில் முதல் பாடமாகச் சொல்லப்படும் கணக்கு இது. அதே வருடம் பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் அதிகாரிகள் ஜப்பானுக்குப் போய் அயலவர் குழுக்கள் எப்படித் தயாராகின்றன என்று பார்த்திருந்தார்கள். மெக்சிகோவையும் கண்டபின், அந்நகரத் தீயணைப்புத் திணைக்களம் பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இன்று அது அமெரிக்கா முழுவதும் இருக்கிறது. தலைக்கவசம், தடித்த கையுறை, மூக்குமூடி, விசில் ஆகியவை அலவாங்குக்கு முன்பாகப் பட்டியலில் வருவதன் காரணம் அந்த 100 பேர்.

அடுத்து, அன்பினால் வந்த ஒரு தொல்லையைப் பற்றி. 1993 ஜூலையில் ஜப்பானின் ஒக்குஷிரி என்ற சிறு தீவை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. தீவில் ஐயாயிரத்துக்கும் குறைவான மக்கள். நாடு முழுவதிலுமிருந்து வந்து குவிந்த பொருட்கள் சுமார் 5,000 தொன். ஆளுக்கு ஒரு தொன்னுக்கும் மேல்! அவற்றை வைக்கப் புதிதாகக் களஞ்சியம் கட்ட வேண்டியதாயிற்று. பழைய உடுப்பு, கெட்டுப்போன உணவு, எதுவென்று தெரியாத கலவைப் பெட்டிகள். கடைசியில் சுமார் 1,200 தொன்னைச் செலவழித்து எரித்தார்கள். 2004 இல் நம் பாடசாலை மண்டபங்களில் கம்பளிக் குளிராடைகள் மலைபோலக் கிடந்ததை நேரில் கண்டவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். வெயிலில் வெந்துகொண்டிருந்த நமக்குக் குளிராடை. அனுப்பியவர்களின் நிய்யத்தில் குறையில்லை. அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுப்பானாக. ஆனால் அதைப் பிரித்து அடுக்கியே தொண்டர்களின் நாட்கள் போயின.

ஆகவே ஜப்பானில் களஞ்சியத்தை “சுழல விடுவது” என்று ஒரு பழக்கம் வந்தது. வாங்கு, வை, பழையதைச் சாப்பிடு, சாப்பிட்ட அளவு மறுபடி வாங்கு. ஊர்ச் சபைகள் காலாவதிக்குச் சில மாதம் இருக்கும் உணவை ஒத்திகை நாளில் மக்களுக்கே கொடுத்து, சமைத்துப் பார்க்கச் சொல்கின்றன. எடோவில் நெல்லை மாற்றிய அதே வேலை. உணவும் அதற்கேற்றதுதான். சோற்றை வேகவைத்து உலர்த்திய அரிசி ஐந்து வருடம் நிற்கும், சுடுநீர் விட்டால் 15 நிமிடம், பச்சைத் தண்ணீர் விட்டால் ஒரு மணித்தியாலம். ஹலால் சான்றிதழ் பெற்றதும் அதில் கிடைக்கிறது. தகரத்தில் அடைத்த காய்ந்த பிஸ்கட் இன்னொன்று. அதற்குள் சிறு சீனிக்கட்டிகளும் போடுவார்கள். பயத்தில் வாய் உலர்ந்தவருக்கு உமிழ்நீர் ஊற வேண்டுமே, அதற்காக. இவ்வளவு சின்ன விடயத்தையும் யோசித்தவர் எவரோ, நமக்கு அவர் மேல் மரியாதை.

நம் கரையோரத்துக்கு வேறு எதிரிகளும் உண்டு. உப்புக்காற்று, கறையான், எலி. வாளுக்கும் ஜக்குக்கும் எண்ணெய் பூசாவிட்டால் ஒரு மாரியிலேயே துரு ஏறும். டோர்ச்சுக்குள் பற்றரியைப் போட்டே வைத்தால் அது கசிந்து டோர்ச்சையும் தின்றுவிடும், வெளியே தனிப் பையில் இருக்க வேண்டும். பெற்றோலை நிரப்பி ஆறு மாதம் மூடி வைத்த ஜெனரேட்டர் தேவைப்படும் இரவில் இருமிவிட்டு நிற்கும். தறப்பாளை மடித்த மடிப்பிலேயே வருடக்கணக்கில் வைத்தால் அந்த மடிப்பில்தான் கிழியும். ரப்பர்க் கையுறை ஒட்டிப் பிசுபிசுத்துப் போகும். இதையெல்லாம் ஆண்களே எழுதும் பட்டியலில் பெண்களுக்கானவையும் குழந்தைகளுக்கானவையும் விடுபட்டுப்போவது ஜப்பானிலும் 2011 இல் கண்ட குறைதான். பட்டியல் எழுதும் மேசையில் பெண்கள் இருந்தால் அந்தப் பிரச்சினை பாதியாகும்.

களஞ்சியம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு 2011 இலேயே ஒரு பதில் இருக்கிறது. செண்டாய் நகரின் கரையோரத்தில் அரஹாமா என்றொரு ஆரம்பப் பாடசாலை. கடலிலிருந்து சில நூறு மீற்றர் தூரம், நான்கு மாடி. போர்வை போன்ற பொருட்கள் முன்பு தரையோடுள்ள உடற்பயிற்சி மண்டபத்தில் இருந்தன. 2010 இல் சிலி நாட்டு நிலநடுக்கத்தால் சுனாமி எச்சரிக்கை வந்த அனுபவத்துக்குப் பிறகு, பாடசாலை அவற்றைக் கட்டடத்தின் மேல்மாடிக்கு மாற்றியது. அப்போது ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. சாமான் சுமந்தவர்கள் சலித்திருக்கவும்கூடும். அடுத்த மார்ச் 11 இல் அலை இரண்டாம் மாடிவரை வந்தது. பிள்ளைகள், ஆசிரியர்கள், ஊரார் என்று 320 பேர் மேலே இருந்தார்கள். பனி விழும் இரவு. கீழே மண்டபத்தில் இருந்திருந்தால் அந்தப் போர்வைகள் கடலோடு போயிருக்கும். மறுநாள் ஹெலிகொப்டர்களில் எல்லோரும் மீட்கப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தை அப்படியே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.

இனித் துருக்கி. 1999 ஆகஸ்ட் 17, அதிகாலை 3.02. மர்மரா பகுதியில் 17,000க்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. அதன்பிறகு சுவிற்சர்லாந்தின் உதவியோடு அங்கே ஒரு வேலைத்திட்டம் தொடங்கியது. பெயர், மஹல்லா அனர்த்தத் தொண்டர்கள். ஆம், நாம் சொல்லும் அதே மஹல்லா. மஹல்லாவுக்கு ஒரு குழு, குழுவுக்குப் பயிற்சி, ஒரு கொள்கலனில் கருவிகள். 2023 பெப்ரவரி 6 இல் தென்கிழக்குத் துருக்கியும் சிரியாவும் இடிந்தபோது, துருக்கியில் மட்டும் 50,000க்கு மேற்பட்ட உயிர்கள். பனியில் மக்கள் கூடாரமின்றி நின்றார்கள். அந்த நாட்களில் 1868 முதல் இருக்கும் துருக்கியச் செம்பிறைச் சங்கத்தின் கூடாரக் கம்பனி, தன் கையிலிருந்த 2,050 கூடாரங்களை வேறொரு தொண்டு அமைப்புக்கு 46 மில்லியன் லீராவுக்கு விற்றது வெளியே வந்தது. அடக்க விலைக்கே கொடுத்தோம் என்று விளக்கம் வந்தது. மக்கள் ஏற்கவில்லை, சங்கத்தின் தலைவர் சில மாதத்தில் பதவி விலகினார். அந்த விளக்கத்தின் சட்ட நியாயத்துக்குள் நாம் போகவில்லை. பொருள் இருந்தது, களஞ்சியமும் இருந்தது, அது யாருடைய பொருள் என்ற கேள்விக்கு முன்கூட்டியே தெளிவான பதில் இருக்கவில்லை. ஸதகாவாக வந்தது எது, ஸகாத்தாக வந்தது எது, விற்கலாமா, இரவல் கொடுக்கலாமா, பக்கத்து ஊருக்கும் மாற்று மத அயலவருக்கும் கொடுக்கலாமா என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று உலமாக்களிடமும் நம்பிக்கையாளர் சபையிடமும் நாம் கேட்பது இதனால்தான். கடைசிக் கேள்விக்கு நம் பதில், தாராளமாகக் கொடுக்கலாம் என்பதே. 2004 இல் நம்மைத் தூக்கிய கைகளில் எல்லா ஊர்க் கைகளும் இருந்தன.

இப்போது நம் அறைக்கு வருவோம். நிலத்தளத்தில் உள்ள பின்னறையைத் தருவதாகப் பள்ளிவாசல் நிர்வாகம் சொல்லியிருக்கிறது, ஜஸாக்குமுல்லாஹு கைரா. பாரமான கருவிகளுக்கு அது நல்ல இடம். ஆனால் போர்வை, மருந்து, உலர் உணவு, வானொலி ஆகியவை மேல்மாடிக்குப் போக வேண்டும் என்பது நம் கருத்து. படியேறுவது கஷ்டம் என்று சிலர் சொல்கிறார்கள். அரஹாமாவை மேலே எழுதியது அவர்களுக்காகத்தான்.

திறப்பு விடயத்தில் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. ஒரே திறப்பு, அது தலைவரிடம் என்றால் பாதுகாப்பு என்பது ஒரு தரப்பு. தலைவர் அந்த நாளில் கொழும்பில் இருந்தால்? அவருடைய வீடே விழுந்திருந்தால்? மூன்று திறப்பு வெட்டி, ஒன்றை மோதினாரிடமும், ஒன்றை எதிர்வீட்டிலும், ஒன்றைப் பாடசாலைக் காவலாளியிடமும் வைக்கலாம் என்று யோசனை வைத்திருக்கிறோம். களவு போகுமென்ற பயம் நியாயமானது. அதற்குக் கதவின் உட்பக்கம் ஒரு பொருட்பட்டியல் தொங்கட்டும். திறந்தவர் பெயரும் திகதியும் எழுதிக் கையொப்பமிடட்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் வருடக்கணக்காகச் செய்வது அதைத்தான், ஒரு சோதனைக் குழாயும் காணாமற்போகவில்லை (உடைந்தவை வேறு கணக்கு).

வருடாந்தச் சோதனைக்கு டிசம்பர் 26 ஐ முன்மொழிகிறோம். எப்படியும் அன்று நாம் கூடி துஆச் செய்கிறோம். அதன்பின் ஒரு மணித்தியாலம் களஞ்சியத்தைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் வைக்கலாம். காலாவதியை நெருங்கும் அரிசியும் பருப்பும் றமழான் கஞ்சிக்குப் போகட்டும், அதே அளவு புதிது உள்ளே வரட்டும். எண்ணெய் பூசுவது, பற்றரி மாற்றுவது எல்லாம் உயர்தர மாணவர்கள் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார்கள்.

ஜெனரேட்டர் மட்டும் வருடத்துக்கொரு முறையென்றால் சரிவராது, மாதம் ஒரு தடவை ஓட ஓட விட வேண்டும். அதற்கு இரண்டு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். ஒருவர் கட்டாருக்குப் போகும் யோசனையில் இருப்பதாகக் கேள்வி. ஆகவே இன்னும் இரண்டு பெயராவது வேண்டும். பெயர் தர விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பின்னறைப் பக்கம் வாருங்கள், நாம் அங்கேதான் அளவு எடுத்துக்கொண்டிருப்போம்.